கணிப்பொறியில் அதிகார வரம்பு மீறல்

அலுவலகக் கணிப்பொறியில் எல்லோருக்கும் ஒரே அதிகாரம் இருப்பதில்லை. எழுத்தர் தம் கோப்புகளைக் கையாளலாம். இயக்க முறைமையை மாற்றும் முழு அதிகாரம் நிர்வாகிக்கே உண்டு. சாதாரணப் பயனர் ஒருவர் மென்பொருள் குறை ஒன்றின் வழியே அம்முழு அதிகாரத்தையும் பெற்றுவிடுவதே அதிகார வரம்பு மீறல் எனப்படும்.

லினக்ஸ் முறைமையிலுள்ள 'பிகேஎக்செக்' நிரல் இதற்குத் தக்க சான்றாகும். அனுமதி பெற்றவர்க்காக ஒரு பணியை நிர்வாகியின் அதிகாரத்தோடு நிறைவேற்றித் தருவது இதன் கடமை. ஆகவே, யார் தொடங்கினாலும் இந்நிரல் முழு அதிகாரத்துடனேயே இயங்கும். உள்ளீடு ஏதுமின்றி அழைக்கப்பட்டால், நினைவகத்தில் அடுத்துள்ள தகவலையே உள்ளீடாகக் கொள்ளும் பிழை இதில் இருந்தது. இதனால், கடவுச்சொல் இன்றியே ஒருவர் தம் நிரலை முழு அதிகாரத்தோடு இயக்க முடிந்தது. 2009 முதல் மறைந்திருந்த இப்பிழையைக் குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் 2022 ஜனவரியில் வெளிப்படுத்தினர். பாதிக்கப்பட்ட முறைமைகளுள் டெபியனும் ஒன்று. நம் நாட்டில் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' இயக்க முறைமைக்கு அடிப்படை டெபியனே என்பதால், இது நமக்கு அயலான செய்தியன்று.

திருத்தங்கள் உடன் வெளியாயின. அவற்றை நிறுவும்வரை, அந்நிரலுக்குரிய சிறப்பு அனுமதியை நீக்கிவைப்பது இடைக்காலத் தீர்வாக அமைந்தது.

பெங்களூர் ஜோகுபாளையத்துச் சிறு அலுவலகமாயினும், தலைநகரின் பெருந்துறையாயினும் விதி ஒன்றே. திருத்தங்களைக் காலந்தாழ்த்தாது நிறுவ வேண்டும். அன்றாடப் பணிக்கு நிர்வாகிக் கணக்கைப் பயன்படுத்தலாகாது. சிறப்பு அனுமதியுடன் இயங்கும் நிரல்களைக் குறைக்க வேண்டும். பணியிலிருந்து விலகியோரின் கணக்குகளை முடக்க வேண்டும். சாதாரணக் கணக்கு ஒன்று பிறர் கைக்குப் போனால், இத்தகைய குறை முழுக் கணிப்பொறியையும் அவர்வசம் ஒப்படைத்துவிடும்.