தேடாத நூல் கிடைக்கும் தெரு

பெங்களூரு மெட்ரோவின் மகாத்மா காந்தி சாலை நிலையத்தில் இறங்கித் தெற்கே ஒரு தெரு தள்ளி நடந்தால் சர்ச் தெரு வந்துவிடும். கல் பாவிய அத்தெருவின் மொத்த நீளம் முக்கால் கிலோமீட்டர் இருக்கலாம். உணவகங்களுக்கும் காப்பிக் கடைகளுக்கும் நடுவே அங்கே புத்தகக் கடைகள் இன்றும் நிலைத்திருக்கின்றன. வங்கிகளுக்கு விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் நம்மில் சிலர் அங்கே செல்வது வழக்கம். கையில் ஒரு பட்டியலோடு போவோம். திரும்பும்போது பையில் இருக்கும் நூல்களில் பாதி அந்தப் பட்டியலில் இராது. இது நம் மன உறுதியின் குறைபாடு என்று வீட்டில் சொல்கிறார்கள். அதற்கு வேறொரு விளக்கமும் உண்டு.

அத்தெருவின் முனையில் 1971 முதல் 2009 வரை பிரீமியர் புத்தகக் கடை நடந்தது. அதன் உரிமையாளர் டி. எஸ். சான்பாக். சிறிய கடைதான். தரையிலிருந்து கூரை வரை அடுக்கப்பட்ட நூல்களுக்கு இடையே ஒருவர் நுழைந்தால் மற்றொருவர் வெளியே வர வேண்டும். வெளியாளுக்கு அதில் எந்த ஒழுங்கும் தென்படாது. ஆனால், எந்த நூல் எந்தக் குவியலின் அடியில் இருக்கிறது என்பது சான்பாக்குக்குத் தெரியும். எந்த வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும் என்பதும் தெரியும். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா போன்றோர் அந்தக் கடையைப் பற்றி அன்போடு எழுதியிருக்கிறார்கள். 2021-இல் கொரோனா காலத்தில் சான்பாக் மறைந்தபோது நகரத்து நாளேடுகள் அனைத்தும் அவருக்கு இடம் ஒதுக்கின. ஒரு சில்லறை வணிகருக்கு அத்தகைய மரியாதை கிடைப்பது அரிது.

பிரிகேட் சாலையை ஒட்டிய செலெக்ட் கடை இன்னும் பழையது. 1945-இல் தொடங்கப்பட்டு, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. சர்ச் தெருவின் பிளாசம் கடையைத் தொடங்கிய மாயி கௌடா, நடைபாதையில் பழைய புத்தகம் விற்றுத் தொழிலைக் கற்றவர். 2000-களின் தொடக்கத்தில் ஒரு சிறிய அறையில் தொடங்கிய அந்தக் கடை இன்று பல தளங்களில் விரிந்திருக்கிறது. கடன் மனுக்களைப் படித்துப் பழகிய நமக்கு, பிணையாகக் காட்ட ஒன்றுமில்லாத ஒரு நடைபாதைக் கடை இவ்வாறு வளர்ந்தது தனியாக யோசிக்கத்தக்க செய்தி.

தேடாத நூல் கையில் ஏன் வந்து சேர்கிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர் ஒரு தமிழர். தம் கடைசி ஆண்டுகளை இந்தப் பெங்களூரில் கழித்தவர். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகராக அமர்த்தியது. அந்தப் பணி அவருக்குத் தொடக்கத்தில் பிடிக்கவில்லை. மாணவர் கூட்டத்துக்குப் பழகியவருக்கு ஆளில்லாத நூலகத்தில் உட்கார்ந்திருப்பது தண்டனையாகத் தோன்றியது. பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோதுதான் மனம் மாறியது. அங்கே நூலகங்கள் எல்லாத் தொழிலாருக்கும் பயன்படுவதைக் கண்டார். ஒரு கடையில் குழந்தைகளின் மெக்கானோ விளையாட்டுப் பொருளையும் கண்டார். சில துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டிப் பல உருவங்கள் செய்வதைப் போல, சில அடிப்படைக் கூறுகளை இணைத்து எந்த நூலின் பொருளையும் குறிக்கலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு அதுவே வித்து.

அதற்கு முன்பே, 1931-இல், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவர் வகுத்திருந்தார். ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூல் ஒன்று உண்டு என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். அவர் அதைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ற வாசகர் ஒருவர் உண்டு, அவரைக் கண்டுபிடித்துத் தருவது நூலகத்தின் கடமை என்றார். எவரும் எடுக்காத நூலுக்கும் உரிமை உண்டு என்பது இதன் பொருள். அதனால்தான் அலமாரிகளைத் திறந்து வைக்க வேண்டும், வாசகர் தாமே கைநீட்டி எடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அடுக்கும் முறைக்கும் ஓர் இலக்கணம் சொன்னார். நாம் தேடும் பொருள் நடுவில் இருக்கும். அதன் இருபுறமும் ஓரளவு தொடர்புடையவை. அதற்கும் அப்பால் தொடர்பற்றவை. நிழலின் மையம் கறுத்தும் விளிம்பு மங்கியும் இருப்பதைப் போன்றது அது. நம் கண் அந்த மங்கலான விளிம்பில் படும்போதுதான் பட்டியலில் இல்லாத நூல் கைக்கு வருகிறது.

இப்போது பெரும்பாலோர் கைப்பேசியில் நூல் வாங்குகிறோம். வேண்டும் என்றது மறுநாள் வீடு வந்து சேர்கிறது. குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும், ஒரு துப்பறியும் நாவல் வாங்கினால் அடுத்து பத்துத் துப்பறியும் நாவல்களைக் காட்டுகிறது. பங்குச் சந்தை பற்றி ஒன்று வாங்கியவருக்கு ஆண்டு முழுவதும் பங்குச் சந்தைதான். ரங்கநாதன் சொன்ன மையம் மட்டும் இருக்கிறது, விளிம்பு காணாமற்போகிறது. முதலீட்டைப் பல இடங்களில் பிரித்து வையுங்கள் என்று வாடிக்கையாளருக்கு நாள்தோறும் சொல்லும் நாம், படிப்பில் மட்டும் ஒரே கணக்கில் எல்லாவற்றையும் போட்டு வைக்கிறோம்.

விளிம்பில் கிடைத்த சிலவற்றைச் சொல்லலாம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சனின் வேட்டை நூல்கள் ஆங்கில அலமாரியில் இருக்கும். 1954-இல் வந்த அவருடைய முதல் தொகுதியில் ஜவளகிரிக் காட்டின் ஆட்கொல்லிப் புலி வருகிறது. ஓசூருக்கு அப்பால் நம் வாடிக்கையாளர் பலருக்குச் சொந்த ஊர் இருக்கும் பகுதி அது. மாஸ்தி வெங்கடேச அய்யங்கார் வீட்டில் தமிழ் பேசியவர், மைசூர் அரசில் அதிகாரியாக இருந்தவர், எழுதியது கன்னடத்தில். குடகின் கடைசி அரசரைப் பற்றிய அவருடைய 'சிக்கவீர ராஜேந்திர' ஒரு பதவியின் வீழ்ச்சியை நிதானமாகச் சொல்கிறது. அவருக்கு 1983-ஆம் ஆண்டின் ஞானபீட விருது கிடைத்தது. எஸ். எல். பைரப்பாவின் மகாபாரத நாவலைப் பாவண்ணன் 'பருவம்' என்று தமிழாக்கி, மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். சித்தலிங்கய்யாவின் தன்வரலாறும் அவர் வழியாகவே 'ஊரும் சேரியும்' ஆயிற்று. துயரத்தை இவ்வளவு சிரிப்போடு சொல்லும் தன்வரலாறு நாம் படித்தவற்றுள் வேறில்லை. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிப் பெங்களூர் வந்த யூதச் சிறுமியின் கதை நேமிசந்திராவின் 'யாத் வஷேம்'. கே. நல்லதம்பியின் தமிழாக்கம் 2022-க்கான அகாதெமி பரிசைப் பெற்றது. பக்கத்து மொழியின் இலக்கியம் நம் மொழியிலேயே கிடைக்கும்போது அதைத் தாண்டிச் செல்வது நட்டம்.

இந்த நகரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. அல்சூரிலும் பிரேசர் டவுனிலும் தலைமுறைகளாக வாழும் வீடுகளில் பேசும் மொழி தமிழ். பிள்ளைகள் படிப்பது ஆங்கிலமும் கன்னடமும். தந்தை சேர்த்த நூல்களை என்ன செய்வதென்று ஓய்வூதியம் பெறவரும் மூத்தோர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. வைப்புநிதிக்கு வாரிசு நியமனம் எழுதித் தருகிறார்கள்; புத்தக அலமாரிக்கு எவர் பெயரை எழுதுவதென்று தெரியவில்லை. எடைக்குப் போடுவதற்கு முன் அல்சூர் ஏரிக்கு எதிரே, அண்ணாசாமி முதலியார் சாலையில் உள்ள பெங்களூருத் தமிழ்ச் சங்கத்தில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். 1950-இல் தொடங்கிய சங்கம் அது, நூலகமும் உண்டு. மொழிபெயர்ப்புகள் மறுபுறம் உதவுகின்றன: தமிழ் படிக்காத பேரனும் கன்னடம் படிக்காத தாத்தாவும் ஒரே கதையைப் பற்றிப் பேச முடிகிறது.

செலவு செய்ய விரும்பாதவருக்குக் கப்பன் பூங்காவின் சிவப்புக் கட்டடம் இருக்கிறது. மைசூர்த் திவான் சேஷாத்ரி ஐயர் நினைவாக 1915-இல் எழுந்த அந்த மண்டபத்தில் மாநில மைய நூலகம் இயங்குகிறது. வாங்க விரும்புவோருக்கு வணிகவியல் படித்தவர் சொல்லக்கூடிய ஒரே செய்தி, அச்சிட்ட புத்தகத்துக்குச் சரக்கு, சேவை வரி இல்லை என்பதுதான்.

ரங்கநாதனும் கணக்கில் கெட்டிக்காரர். எளிமையாக வாழ்ந்து சேமித்த ஒரு லட்சம் ரூபாயை 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, மனைவி சாரதாவின் பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தச் செய்தார். 1962-இல் அவர் பெங்களூரில் நிறுவிய ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையம் மைசூர் சாலையில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழக வளாகத்தில் இன்றும் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது.