பனகல் பூங்கா

பனகல் பூங்கா சென்னை தியாகராய நகரில் உள்ள பொதுப் பூங்கா ஆகும். 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த நீதிக்கட்சித் தலைவர் பனகல் அரசரின் (பி. ராமராயநிங்கார்) பெயர் இதற்குச் சூட்டப்பட்டுள்ளது.

தி. நகர் எழுந்த நிலத்தில் பெரும்பகுதி முன்பு ஏரியாக இருந்தது. இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கம் பக்கமிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்றனர். பனகல் அரசரின் ஆட்சிக் காலத்தில் ஏரியைத் தூர்த்து மனைகளாக்கும் பணி தொடங்கியது. புதிய நகருக்கும் அதன் தெருக்களுக்கும் நீதிக்கட்சியினரின் பெயர்களே அதிகம் இடப்பட்டன: தியாகராய நகர், உஸ்மான் சாலை, நடேசன் பூங்கா. சௌந்தரபாண்டியனார் பெயரிலான அங்காடியோ மக்கள் வாயில் 'பாண்டி பஜார்' ஆகிவிட்டது. ஏரிக்கு மிஞ்சியது மேற்கு மாம்பலத்து 'லேக் வியூ சாலை' போன்ற ஓரிரு பெயர்கள்தாம்.

தண்ணீர் மட்டும் பழைய இடத்தை மறக்கவில்லை. 2021 நவம்பர் மழையில் தி. நகர்த் தெருக்கள் பலவும் வெள்ளக்காடாயின. புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் நெருக்கியடிக்கும் இப்பகுதியில் மழைநீர் மண்ணில் இறங்கப் பூங்கா போன்ற சில திறந்த நிலங்களே எஞ்சியுள்ளன. காலையில் நடப்போருக்கும், பகலில் துணிப்பைகளுடன் சற்று உட்கார வருவோருக்கும் நிழல் தருவதும் இதுவே.

கலங்கரை விளக்கம் – பூவிருந்தவல்லி மெட்ரோ தடத்தில் பனகல் பூங்கா பெயரில் சுரங்க நிலையம் கட்டுவதற்காகப் பூங்காவின் ஒரு பகுதி எடுக்கப்பட்டது.