மாற்று வீரருக்கும் ஒரு மைதானம்

அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் ஆட்டக்காரரின் கைக்குப் பந்து வந்ததும், அதை எறிய அவருக்குக் கிடைப்பது சுமார் மூன்று வினாடி. எதிரணியின் பதினொரு பேரில் யார் தன்மேல் பாயப் போகிறார், யார் பாய்வதுபோலப் போக்குக் காட்டுகிறார், தன் ஆட்களில் எவர் தனியாக இருக்கிறார் என்பதை அதற்குள் கணித்தாக வேண்டும். கை பலமாக இருந்து கண் பழகாதவர் இந்த இடத்தில் நிலைக்க முடியாது.

கண் பழக, ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் வழியில்லை. மோதல் நிறைந்த ஆட்டம் என்பதால், 2011-ல் வீரர்கள் சங்கத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, முழுக் கவசம் அணிந்த பயிற்சியைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் ஒரு சீசனில் 14 முறைக்குமேல் நடத்தக் கூடாது. கல்லூரி அணிகளுக்கு வாரத்தில் 20 மணி நேரம்தான். அதிலும் பெரும்பங்கு முதல் நிலை ஆட்டக்காரருக்கே போய்விடும். மாற்று ஆட்டக்காரர் ஓரமாக நின்று பார்ப்பார்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியில் முன்பு ஆடியவரான டெரெக் பெல்ச், அங்கேயே மெய்நிகர் தொழில்நுட்ப ஆய்வுக்கூடம் நடத்தும் பேராசிரியர் ஜெரெமி பெய்லன்சனிடம் படித்தபோது, இதற்கு ஒரு வழி கண்டார். பயிற்சியின்போது குவாட்டர்பேக் நிற்கும் இடத்தருகே, அவர் கண் உயரத்தில், எட்டுத் திசையையும் ஒருசேரப் படம்பிடிக்கும் கேமராவை நிறுத்தி, அந்தப் படத்தை வீரர் மெய்நிகர் ஹெட்செட்டில் பார்க்கும்படி செய்தார். 2014-ல் ஸ்டான்ஃபோர்டு அணி இதைச் சோதித்தது. அடுத்த ஆண்டு பெல்ச் தொடங்கிய ஸ்ட்ரைவர் நிறுவனத்துடன் என்எஃப்எல்லின் டல்லஸ் கௌபாய்ஸ் அணி ஒப்பந்தம் போட்டது.

ஹெட்செட்டை மாட்டியதும் வீரர் களத்தின் நடுவே நிற்கிறார். இடப்பக்கம் தலையைத் திருப்பினால், தடுப்பாட்டக்காரர் ஒருவர் ஓசைப்படாமல் முன்னே நகர்வது தெரிகிறது. தான் கண்டதை வீரர் உரக்கச் சொல்கிறார். அவர் எங்கே பார்க்கிறார், எதைப் பார்க்கத் தவறுகிறார் என்பதைப் பயிற்சியாளர் பக்கத்துத் திரையில் கவனிக்கிறார். பார்வையாளர் மாடத்திலிருந்து எடுத்த பழைய காணொளிகளில் இது கிடைக்காது. கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்பவர் பந்தைப் பார்ப்பதற்கும் மட்டையாளர் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

கருவியின் உள்ளே இரு கண்ணுக்கும் இரு வில்லைகள், அவற்றின் பின்னே திரை. தலை அசைவதை உணரிகள் அளந்து சொல்ல, வினாடிக்குச் சுமார் 90 முறை படம் புதுப்பிக்கப்படுகிறது. தலை திரும்பி 20 மில்லி வினாடிக்குள் படமும் திரும்ப வேண்டும். பிந்தினால், கண் சொல்வதும் உள்காதின் சமநிலை உறுப்பு சொல்வதும் முரண்பட்டுக் குமட்டும். ஒரே இடத்தில் வைத்து எடுத்த படமென்பதால், வீரர் ஓரடி முன்னே வைத்தாலும் காட்சி மாறாது. இந்தக் குறையைப் போக்கத்தான் இப்போது களத்தையும் வீரர்களையும் கணினியிலேயே உருவாக்குகிறார்கள். ஜெர்மனியின் காக்னிலைஸ் நிறுவனக் கருவியில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் (எல்எஸ்யு) குவாட்டர்பேக் ஜெய்டன் டேனியல்ஸ் பழகியபோது, ஆட்டத்தின் வேகத்தை 1.75 மடங்கு கூட்டி வைத்துக்கொண்டார். அந்த வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு நிஜ ஆட்டம் நிதானமாகத் தெரியும் என்பது கணக்கு. 2023-ல் கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது.

வெற்றிக்குக் காரணம் கருவிதான் என்று சொல்லிவிட முடியாது. அனுபவமும் பயிற்சியாளரும் உடனாடுபவர்களும் சேர்ந்துதான் ஒரு சீசன் அமைகிறது. பந்தின் எடை, எதிரில் வீசும் காற்று, இடி வாங்கும் வலி, ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் வரும் களைப்பு எதையும் ஹெட்செட் தராது. உடலுக்கு மைதானம்தான் வேண்டும். பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்துக்கு மட்டும் இது உதவும். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்குக்கு முன் அமெரிக்கப் பனிச்சறுக்கு அணி, அங்குள்ள சரிவைப் படம்பிடித்து வந்து வளைவுகளை மனத்தில் பதித்துக்கொண்டதும் இதற்காகத்தான்.

இந்தக் கருவியால் நட்சத்திர வீரர் அடையும் லாபத்தைவிட, வாய்ப்புக் கிடைக்காத மாற்று வீரரும் காலில் கட்டுடன் உட்கார்ந்திருப்பவரும் அடையும் லாபம் பெரிது என்பதே என் கணிப்பு. ஒரு அடியும் படாமல், யாருடைய நேரத்தையும் பிடுங்காமல் அவர்கள் நூறு முறை ஆடிப் பார்க்கலாம். ஹெட்செட் வாங்கும் அணிகள் அதை முதலில் அவர்கள் கையில் கொடுக்கட்டும்.