காலையில் வேதம், மாலையில் கூலி!

செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் பாதையில், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே இருக்கிறது ஊரப்பாக்கம். அங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்.

தினமும் காலை 6 மணிக்கு எல்லோரும் பாயில் உட்காருவார்கள். மகள் வேதபுத்தகத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பாள். அப்பா ஜெபம் செய்வார். ஒருநாளும் தவறாது. "பக்தியுள்ள குடும்பம்" என்று தெருவில் பெயர்.

ஒருநாள் உபாகமம் 24-ஆம் அதிகாரம் வந்தது. ஏழைக் கூலியாளின் கூலியை அன்றைக்கே, பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று மோசே அதில் சொல்கிறார். அவன் அதை நம்பித்தானே பிழைக்கிறான்! மகள் வாசித்து முடித்தாள். அப்பா ஜெபம் செய்தார். அம்மா அடுப்படிக்குப் போனார்.

பின்வாசலில் பாத்திரம் தேய்க்கும் பெண் நின்றாள். "அக்கா, சம்பளம்... தேதி ஏழு ஆச்சு" என்றாள்.

"நாளைக்குப் பார்க்கலாம், போ!" என்று பதில் வந்தது.

வாசித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை! இவர்கள் கெட்டவர்கள் அல்லர். கையில் பணம் இல்லாமலும் இல்லை. வேதம் ஒரு காரியம், சம்பளம் வேறொரு காரியம் என்று இருந்துவிட்டார்கள். கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு, அப்பால் போனதும் தன் முகத்தையே மறந்துபோகும் மனிதனைப் பற்றி யாக்கோபின் நிருபம் பேசுகிறது. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் போலும்!

விதவைக்காகச் சிறை

இந்த வேதபுத்தகம் தமிழுக்கு வந்த கதையைப் பாருங்கள். ஜெர்மனி தேசத்துச் சீகன்பால்கு 1706 ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. சிறு பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் படித்தார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார்.

அடுத்த மாதமே அவர் சிறையில்! ஏன்? நாவிதர் ஒருவர் இறந்துபோனார். அவர் மனைவி மீது ஒரு கடன் வழக்கு. அந்த ஏழை விதவைக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசினார். டேனிஷ் கோட்டைத் தளபதிக்குக் கோபம் வந்தது. நாலு மாதம் அடைத்து வைத்தார்.

பேசாமல் மொழிபெயர்ப்பு வேலையைப் பார்த்திருக்கலாம். யார் குறை சொல்லப்போகிறார்கள்? ஆனால் விதவைகளைக் கைவிடாதே என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் புத்தகம் அல்லவா அவர் கையில் இருந்தது! வெளியே வந்து, 1711-இல் மொழிபெயர்ப்பை முடித்தார். 1715-இல் அது தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது.

நம் செங்கல்பட்டில்

அவ்வளவு தூரம் போவானேன்? நம் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே ஒரு கதை உண்டு. 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் இங்கே சேரி மக்கள் பண்ணையாட்களாக அடிமைபோல் உழைத்தார்கள். சொந்த நிலம் இல்லை. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு பாதிரியார் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. அவர்கள் நிலம் கேட்டு மனுப்போடத் துணை நின்றார். கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-இல் அவர்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892-இல் சர்க்கார் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்பது அதுதான். பல இடங்களில் அந்த நிலம் கைமாறிப் போனதும், இன்றும் அதற்காக வழக்கு நடப்பதும் வேறு கதை.

எப்படி வாசிப்பது?

புராட்டஸ்டண்டுச் சபைகளின் வேதபுத்தகத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, நான்கு வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். சிலர் ரயிலைப் பிடிப்பதுபோல் ஓடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறவர்களுக்கு நீதிமொழிகள் நல்லது. 31 அதிகாரங்கள், தேதிக்கு ஒன்று. 11-ஆம் தேதி கள்ளத் தராசைப் பற்றி வரும். கடைக்காரர் அன்று தம் எடைக்கல்லைப் பார்க்கட்டும். 15-ஆம் தேதி சாந்தமான பதிலைப் பற்றி வரும். மாமியாருக்கும் மருமகளுக்கும் வேறு பிரசங்கம் வேண்டுமா? விரல் வைத்து மெல்ல வாசியுங்கள். "இன்று இதை யாரிடம் செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். ஒரு பெயராவது நினைவுக்கு வரும்.

ஊரப்பாக்கம் வீட்டுக்கு வருவோம். இரவு ஜெபத்துக்குப் பாய் விரித்தாயிற்று. மகள் கேட்கிறாள்:

"அப்பா, பொழுது சாயுமுன் என்றால் எத்தனை மணி அப்பா?"

அப்பா அம்மாவைப் பார்க்கிறார். அம்மா பின்வாசலைப் பார்க்கிறார். பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து பணத்தை எண்ணி எடுக்கிறார். பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். அன்றைக்கு ஜெபம் அரைமணி நேரம் தாமதம்.