கைபேசியின் கோழித்தூக்கம்

சட்டைப் பையில் சும்மா கிடக்கும் மூன்றாம் தலைமுறைக் கைபேசி பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால், அழைப்பு வந்ததை அது எப்படித் தெரிந்துகொள்கிறது?

கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வரும் கட்டுப்பாட்டுத் தடங்களில் 'பேஜிங் இண்டிகேட்டர்' என்று ஒன்று உண்டு. அது பேச்சையோ படத்தையோ சுமப்பதில்லை. கதவைத் தட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அதில் சமிக்ஞை துண்டு துண்டாக வரும்; 10 மில்லி நொடிக்கு ஒரு துண்டு, அதாவது ஒரு சட்டகம். அதில் 300 பிட்டுகள். அவற்றுள் 288 இந்தத் தட்டல்களுக்கு. எந்தச் சட்டகத்தில், எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதைச் சிம் அட்டையில் பதிந்துள்ள அடையாள எண்ணை வைத்துக் கைபேசியே கணக்கிட்டுக்கொள்ளும். நெட்வொர்க் வைத்திருக்கும் ஏற்பாட்டின்படி 0.64 நொடிக்கோ, அதிகம் போனால் 5.12 நொடிக்கோ ஒருமுறை கண் விழித்து, அந்த இடத்தை மட்டும் பார்க்கும்.

தட்டல் இல்லையா, மறுபடி தூக்கம். இருந்தால், அந்தச் சட்டகம் முடிந்த 2 மில்லி நொடியில் வேறொரு தடத்தில் வரும் செய்தியைப் படித்து, அழைப்பு தனக்குத்தானா என்று பார்க்கும். ஒரே தட்டலைப் பல கைபேசிகள் பகிர்ந்துகொள்வதால், யாருக்கோ வந்த அழைப்புக்கு உங்கள் கைபேசியும் வீணாக எழுந்திருக்கும். பேட்டரிக்கு அது பெரிய நஷ்டமில்லை.

விழிக்கும் இடைவெளி கூடினால் பேட்டரி நீடிக்கும், ஆனால் மணி ஒலிக்கத் தாமதமாகும். எதை விட்டுக்கொடுப்பது என்பது நெட்வொர்க் நடத்துபவர் கையில்.

இந்த வகை மூன்றாம் தலைமுறைக் கைபேசித் தொழில்நுட்பத்தில் உலகின் முதல் வணிகச் சேவையை ஜப்பானின் என்.டி.டி. டோகோமோ நிறுவனம் 2001 அக்டோபர் 1 அன்று தொடங்கியது.