துருப்பிடிச்ச இழைப்புளிக்கு இவ்வளவு மவுசா? வாங்கும் முன் இதைக் கவனிங்க!

தச்சர்களின் பழைய கைக்கருவிகளைச் சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது அமெரிக்காவின் 'ஸ்டான்லி பெய்லி' இரும்பு இழைப்புளிகளை. லியோனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை 1869-ல் வாங்கிய ஸ்டான்லி நிறுவனம், அவற்றைப் பல அளவுகளில் தயாரித்தது.

வயசை எப்படி கண்டுபிடிப்பது?

பிளேடைக் கழற்றினால், சில மாடல்களின் அடிப்பாகத்தில் காப்புரிமைத் தேதிகள் தெரியும். 1902-ல் இரண்டு, 1910-ல் ஒன்று என மூன்று தேதிகள் இருந்தால், அது பெரும்பாலும் 1910-களில் தயாரானது.

துருவா, விரிசலா?

மேலோட்டமான துரு பிரச்னையே இல்லை. வினிகரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசினால் போதும். ஆனால் இழைப்புளியின் உடல் வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் விரிசல் விடும். அதைச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம். அதனால் வாங்கும்போது திருப்பிப் போட்டு, பிளேடு வெளியே வரும் வாய்ப்பகுதியைச் சுற்றி நல்லா பாருங்க.

பளபளப்பாக்கலாமா?

கிரைண்டர் வைத்துத் தேய்த்தால் பிளேடில் உள்ள முத்திரையும், பழைய கறுப்புப் பூச்சும் அழிந்துவிடும். சேகரிப்பவர்கள் தேடுவதே அந்த அடையாளங்களைத்தான். அவை போனால் மதிப்பும் போச்சு!