பட்டுப்புழுவுக்கு மணி அடிப்பது யார்?

இன்று ஒரு பட்டுப்புழுவின் உடலுக்குள் போய்ப் பார்க்கலாம்.

முட்டையிலிருந்து வெளியே வரும்போது பட்டுப்புழுவின் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். அப்புறம் ராப்பகலாக முசுக்கொட்டை இலை தின்னும். நான்கு வாரத்துக்குள் அதன் எடை ஏறத்தாழ 10,000 மடங்கு கூடிவிடும்! ஆனால் தோல் அந்த அளவுக்கு வளர்ந்து கொடுக்காது. அதனால் நடுவில் 4 முறை சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். பிறகு பழைய தோலை உரித்துப் போட்டுவிட்டு மறுபடியும் இலைக்கு வந்துவிடும்.

உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் தயாரானால்தான் தோல் உரியும். கால் ஒரு நாளும் தலை இன்னொரு நாளும் உரிந்தால் புழு செத்துப்போகும். அப்படியானால், 'இப்போது உரி' என்று எல்லா இடத்துக்கும் சேர்த்துச் சொல்வது யார்? இந்தக் கேள்வி உனக்கே தோன்றியிருந்தால், சபாஷ்! விஞ்ஞானிகள் பல வருடம் இதே கேள்வியைத்தான் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மனியில் அடால்ஃப் புட்டனான்ட், பீட்டர் கார்ல்சன் என்று இரண்டு வேதியியலாளர்கள் இருந்தார்கள். 'உரி' என்று சொல்லும் அந்தப் பொருளைத் தேடி, அவர்கள் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுக்களை 500 கிலோ வாங்கி அரைத்து, வடித்து, சுத்தம் செய்துகொண்டே போனார்கள். 1954-இல் அவர்கள் கையில் மிஞ்சியது 25 மில்லிகிராம் படிகம். ஒரு கிராமை நாற்பதாகப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு! அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அந்தப் படிகத்தின் பெயர் எக்டைசோன். அது ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன். ஸ்டீராய்டு என்றால் பயப்படாதே. கரியணுக்கள் சேர்ந்து நான்கு வளையங்களாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன மூலக்கூறு, அவ்வளவுதான். நம் உடம்பில் சுரக்கும் கார்டிசால், ஈஸ்ட்ரோஜன் எல்லாம் இதே குடும்பம். பூச்சிகளுக்கு இந்த நான்கு வளையங்களையும் தாமே செய்துகொள்ளத் தெரியாது. அதனால் உணவில் இருக்கும் வளையப் பொருளைத் தின்று, அதை மாற்றித்தான் எக்டைசோன் செய்கின்றன.

ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள். மணி ஒன்றுதான். ஆனால் அது அடித்ததும் ஒன்றாம் வகுப்பு சாப்பாட்டுக்கு ஓடுகிறது, எட்டாம் வகுப்பு விளையாட்டு மைதானத்துக்குப் போகிறது, பத்தாம் வகுப்பு அடுத்த பாடப் புத்தகத்தை எடுக்கிறது. எக்டைசோனும் அப்படித்தான். தலைக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து கிளம்பி உடம்பெல்லாம் பரவுகிறது. ஒவ்வொரு உறுப்பும் அதைக் கேட்டுத் தன் தன் வேலையைத் தொடங்குகிறது.

இதுவரை புரிந்ததா? சரி, இனிமேல்தான் முக்கியமான இடம். செல்லுக்குள் அந்த மணியைக் கேட்கும் காது எங்கே இருக்கிறது?

1960-இல் உல்ரிக் கிளெவர் என்பவரும் கார்ல்சனும் கைரோனோமஸ் என்ற சின்ன ஈயின் புழுவுக்கு எக்டைசோனை ஊசியால் செலுத்தினார்கள். ஏன் அந்தப் புழு? அதன் எச்சில் சுரப்பிச் செல்களில் டிஎன்ஏ இழைகள் ஆயிரக்கணக்கில் பக்கம் பக்கமாக ஒட்டி, ராட்சதக் குரோமோசோம்களாக இருக்கும். சாதாரண நுண்ணோக்கியிலேயே அவற்றின் பட்டைகள் தெரியும். ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் ஒரு குறிப்பிட்ட பட்டை உப்பி எழுந்தது! சற்று நேரத்தில் இன்னொரு பட்டையும் உப்பியது. புழு தானாகத் தோல் உரிக்கப் போகும்போது உப்புகிற அதே இடங்கள்.

அந்த உப்பலில் டிஎன்ஏ தளர்ந்து, அதிலிருந்து ஆர்என்ஏ நகல்கள் எடுக்கப்படுகின்றன. அதாவது ஒரு மரபணு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஹார்மோன் மரபணுவை எழுப்புகிறது என்று அதைப் பார்த்தவர்கள் எண்ணினார்கள்.

ஆனால் ஒரு சந்தேகம் வர வேண்டுமே? எக்டைசோன் ரொம்பச் சின்ன மூலக்கூறு. இவ்வளவு நீள டிஎன்ஏவில் சரியான இடத்தை அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

அது கண்டுபிடிப்பதே இல்லை, கண்ணு. அதற்கு டிஎன்ஏவைப் படிக்கவே தெரியாது. படிப்பது வேறொருவர். அவர் ஏற்பி என்னும் புரதம். பழ ஈயில் எக்டைசோனின் ஏற்பியை 1991-இல் அடையாளம் கண்டார்கள். அது தனியாக வேலை செய்யாது. இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்து நிற்கும். ஹார்மோன் வராத நேரத்திலும் இந்த ஜோடி டிஎன்ஏ மேல் உட்கார்ந்து, மரபணுவை எழவிடாமல் வைத்திருக்கும்.

ஜோடியில் ஒவ்வொரு புரதத்துக்கும் டிஎன்ஏவைத் தொடும் ஒரு பகுதி உண்டு. அதில் இரண்டு துத்தநாக அணுக்கள் இருக்கின்றன. அவைதான் அந்தப் பகுதியை உருக்குலையாமல் பிடித்து வைக்கின்றன. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுருள், டிஎன்ஏவின் அகலமான பள்ளத்துக்குள் பொருந்தி உட்காருகிறது. இரண்டு இழைகளையும் பிரிக்கவே வேண்டாம். வெளியில் இருந்தபடியே ஏ, டி, ஜி, சி என்னும் டிஎன்ஏ எழுத்துகளின் ஓரத்தைத் தொட்டுப் படித்துவிடும்.

என்ன படிக்கும்? ஒரு தாளில் எழுது: ஏ ஜி ஜி டி சி ஏ. பக்கத்தில் ஒரு எழுத்துக்கு இடம் விடு. பிறகு எழுது: டி ஜி ஏ சி சி டி. டிஎன்ஏவில் ஏ-வுக்கு எதிரே டி வரும், சி-க்கு எதிரே ஜி வரும், இல்லையா? இப்போது இரண்டாவது ஆறு எழுத்துக்கு எதிர் இழையை எழுதி, வலமிருந்து இடமாகப் படி. மறுபடியும் ஏ ஜி ஜி டி சி ஏ! ஜோடியில் ஒருவர் இந்த இழையிலும் மற்றவர் எதிர் இழையிலும் ஒரே சொல்லைப் படிக்கிறார்கள். உண்மையான மரபணுக்களில் ஓரிரு எழுத்து மாறியிருப்பதும் உண்டு.

ஹார்மோன் வந்து ஏற்பியின் குழியில் உட்கார்ந்ததும் ஏற்பியின் வடிவம் கொஞ்சம் மாறுகிறது. மரபணுவை அடக்கி வைத்திருந்த புரதங்கள் விலகுகின்றன. உதவும் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. சுற்றிக் கட்டியிருந்த டிஎன்ஏ தளர்கிறது. நகல் எடுக்கும் நொதி வந்துவிடுகிறது. கிளெவர் பார்த்த உப்பல் இதுதான்.

முதலில் எழுவது சில மரபணுக்கள்தான். அவை உண்டாக்கும் புரதங்களும் டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து, அடுத்த கூட்டத்தை எழுப்புகின்றன. பழ ஈயில் மைக்கேல் ஆஷ்பர்னரும் தோழர்களும் 1974-இல் இதை விளக்கினார்கள். முதல் சுற்றில் அரை டஜன் உப்பல்கள், அடுத்த சுற்றில் நூற்றுக்கும் மேல்! செல்லில் புதுப் புரதம் உருவாகாமல் தடுத்துவிட்டால் முதல் சுற்று வரும், இரண்டாவது வராது. ஏன் என்று நீயே சொல்லிவிடுவாய்.

நம் உடம்புக்கும் வருவோம். கார்டிசாலின் ஏற்பி டிஎன்ஏ மேல் காத்திருப்பதில்லை. செல்லின் உட்கருவுக்கு வெளியே இருந்து, ஹார்மோன் வந்து சேர்ந்த பிறகுதான் உள்ளே போகும். ஹார்மோன்கள் செல்லுக்குள் நுழைவதிலும் ஒரு புதுச் செய்தி உண்டு. ஸ்டீராய்டுகள் கொழுப்பில் கரைபவை, அதனால் செல்லின் சவ்வைத் தானாகக் கடந்துவிடும் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆனால் பழ ஈயில் எக்டைசோன் உள்ளே வர ஒரு வாயில் புரதம் தேவை என்று 2018-இல் தெரிந்தது. புத்தகத்தில் இருப்பதையும் கேள்வி கேட்கலாம், செல்லங்களே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் உடலில் ஈஸ்ட்ரோஜனின் ஏற்பி படிக்கும் சொல் எது தெரியுமா? அதே ஏ ஜி ஜி டி சி ஏ! ஆனால் நடுவில் விடும் இடம் ஒரு எழுத்து அல்ல, மூன்று. தாளை எடுத்து, முதலில் எழுதியதற்குக் கீழே இதையும் எழுதிப் பார்.